உங்களுக்குத் தெரியுமா? ஈக்வலைசரும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும்

● ஈக்வலைசர் பாட்டுக்காகப் பிறந்தது அல்ல. டெலிஃபோனுக்காகப் பிறந்தது. நீளமான கம்பி வழியே குரல் போகப் போக, அதிலுள்ள உச்ச ஒலிகள்தான் அதிகம் தேயும். தேய்ந்ததை மறுமுனையில் ஈடுகட்டி, குரலைப் பழைய சமநிலைக்குக் கொண்டுவருவதற்காக அமைத்த சுற்று அது. கம்ப்யூட்டரிலும் அதன் உண்மையான வேலை அதுவே: ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து கெடுத்ததைச் சரிசெய்வது. இல்லாத ஒலியை உண்டாக்குவது அதன் வேலை அல்ல.

● ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ‘பாஸ்’ (அடி ஒலி), ‘ட்ரெபிள்’ (உச்ச ஒலி) என்று இரண்டு குமிழ்கள் இருக்கின்றனவா? அவையும் ஈக்வலைசர்தான், மிக எளிய வடிவில். 1952-ல் பிரிட்டிஷ் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட சுற்று, இன்றுவரை எத்தனையோ ஆம்ப்ளிஃபையர்களில் அந்தக் குமிழ்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

● கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க வின்ஆம்ப் மென்பொருளைப் பயன்படுத்திய காலத்து ஆட்களுக்கு, அதன் ஈக்வலைசரில் இருந்த பத்து ஸ்லைடர்கள் நினைவிருக்கும். இடது ஓரம் 60 ஹெர்ட்ஸ், வலது ஓரம் 16,000 ஹெர்ட்ஸ். நிறுவிய அன்றே இடது ஓரத்தை உச்சிக்குத் தள்ளியவர்கள் பலர். ஆனால் ஒலியின் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு சத்தம் வருவதற்கு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 200 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்கு இறங்கினால் 16 மடங்கு. லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்பீக்கருக்கு அவ்வளவு தூரம் அசைய இடமே கிடையாது. 60 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை எவ்வளவு ஏற்றினாலும் அங்கே பாஸ் வராது. கரகரப்புதான் வரும்.

● டெசிபல் கணக்கு ஏமாற்றும். 3 டெசிபல் ஏற்றினால் திறன் இரண்டு மடங்கு ஆகிறது, 6 ஏற்றினால் நான்கு மடங்கு, 12 ஏற்றினால் கிட்டத்தட்ட 16 மடங்கு. ஸ்லைடரில் இது விரற்கடை தூரம். இப்போது யு.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சின்ன ஸ்பீக்கர்களை எண்ணிப் பாருங்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், அதாவது மொத்தமே 2.5 வாட். இரண்டு ஸ்பீக்கரும் உள்ளே இருக்கும் சுற்றும் அதற்குள்தான் பிழைக்க வேண்டும். பாட்டின் பாஸ் பகுதி அரை வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை 12 டெசிபல் ஏற்றினால், அந்தப் பகுதிக்கு மட்டும் 8 வாட் கேட்கும். எங்கிருந்து வரும்? வராது. அதனால்தான் டிரம் அடி விழும் ஒவ்வொரு முறையும் பாடகரின் குரலும் சேர்ந்து நசுங்குகிறது.

● பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட் கணக்குக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் இல்லை. ஆர்.எம்.எஸ். என்று சின்னதாகப் போட்டிருப்பதைப் பாருங்கள்.

● டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. 16 பிட் ஒலியில் 65,536 படிகள். அதற்கு மேல் ஒரு படிகூடக் கிடையாது. இன்றைய திரைப்பாடல்கள் பெரும்பாலும் அந்தக் கூரையைத் தொட்டபடியேதான் மாஸ்டரிங் ஆகி வருகின்றன. அதன்மேல் எந்த ஸ்லைடரையாவது 6 டெசிபல் ஏற்றினால், அலையின் தலை கூரையில் இடித்துத் தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். தட்டையான அலையிலிருந்து மூலப் பாட்டில் இல்லாத உச்ச ஒலிகள் கிளம்பும், காதில் குத்தும். ஈக்வலைசரின் இடப்பக்கம் தனியாக நிற்கும் ‘ப்ரீஆம்ப்’ ஸ்லைடர் இதற்காகவே இருக்கிறது. மற்ற ஸ்லைடர்களில் எது அதிகம் ஏறியிருக்கிறதோ, அதே அளவு ப்ரீஆம்ப்பை இறக்குங்கள். 6 ஏற்றினால் 6 இறக்கம். பலர் தொடவே தொடாத ஸ்லைடர் இது. முதலில் தொட வேண்டியதும் இதுவே.

● சின்ன ஸ்பீக்கர் அடி ஒலியைத் தரவே இல்லை, ஆனாலும் காதில் விழுகிறது. எப்படி? ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் மந்தர ஷட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். லேப்டாப்பில் அது எழும்புவதே இல்லை. ஆனால் அந்தத் தந்தியிலிருந்து 130, 195, 260 என்று மடங்கு மடங்காகக் கிளம்பும் மேல் ஒலிகள் வருகின்றன. அவற்றுக்கிடையே இருக்கும் சீரான இடைவெளியை வைத்து மூளை கீழே இருக்க வேண்டிய 65-ஐத் தானே கட்டிக்கொள்கிறது. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். பேருந்தில் போனின் ஸ்பீக்கரில் கேட்கும்போதும் அதன் நடை நமக்குப் புரிவது இதனால்தான். ஆகவே சின்ன ஸ்பீக்கருக்கு 60-ஐ ஏற்றுவது வீண். 150 முதல் 250 வரையுள்ள பகுதியை 2, 3 டெசிபல் மட்டும் தூக்கிப் பாருங்கள், பாஸ் கூடியது போலவே இருக்கும்.

● மிருதங்கத்தில் இது இன்னும் அழகு. சாதாரணத் தோல் கருவியில் எழும் மேல் ஒலிகள் ஒழுங்கான மடங்கில் அமையாது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புச் சோறு அந்த ஒலிகளை இழுத்து மடங்குக்குள் நிறுத்துகிறது என்று சி.வி. ராமன் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதனால் சின்ன ஸ்பீக்கரிலும் வலந்தலையின் சுருதி பிசகாமல் கேட்கிறது. இடது முகமான தொப்பியின் கும்காரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைக் கேட்க அடி ஒலிக்கான நல்ல வூஃபர் வேண்டும், வேறு வழியில்லை.

● ராத்திரி சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் பாட்டு சோகை பிடித்ததுபோல் ஆவது ஸ்பீக்கரின் குற்றம் அல்ல, சத்தம் குறைந்தால் அடி ஒலியைக் குறைவாகக் கேட்கும் நம் காதின் இயல்பு. 1933-ல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். இன்றைய ஐ.எஸ்.ஓ. அளவுகளின்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்கும் அதே உரப்பில் 100 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமென்றால், அதற்கு சுமார் 64 டெசிபல் தேவை. சத்தத்தை 80-க்கு ஏற்றினால் அந்த 24 டெசிபல் இடைவெளி ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே மெதுவாகக் கேட்கும்போது பாஸைக் கொஞ்சம் கூட்டுவது நியாயமே. வால்யூமை ஏற்றும்போது மறக்காமல் இறக்கிவிடுங்கள்.

● இனி, ஈக்வலைசரைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அடி ஒலி பெருகும். சுவர் ஒன்றுக்கு 6 டெசிபல் வரைகூட. இரண்டு சுவர் சேரும் மூலையில் இன்னும் அதிகம். வந்து குவிந்ததைப் பின்னால் ஸ்லைடரில் குறைத்துக்கொண்டிருப்பதைவிட, ஸ்பீக்கரை முன்னால் இழுத்து வைப்பது மேல். அடுத்தது மேசை. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி ஒரு பாதையிலும், மேசைப் பலகையில் பட்டுத் தெறித்து வருவது சற்றே நீண்ட இன்னொரு பாதையிலும் காதுக்கு வருகின்றன. இரண்டும் கலக்கும்போது சில ஒலிகள் கூடும், சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் வாளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். கீழே இரண்டு தடித்த புத்தகங்களை வைத்து ஸ்பீக்கரைக் காது மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், அல்லது முகத்தை நோக்கிச் சற்றே நிமிர்த்துங்கள். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர்தான். அது டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும், வளைந்து வராது. உச்ச ஒலியைத் தரும் ட்வீட்டர் உங்கள் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தால், ட்ரெபிளை ஏற்றி ஒரு பயனும் இல்லை.

● அறையில் ஓர் அதிர்வெண் அழிந்துபோகும் இடத்தில் உங்கள் நாற்காலி இருந்தால், அங்கே ஸ்லைடரை ஏற்றினாலும் அது நிரம்பாது. ஏற்றியதும் அதே அளவு அழியும். நாற்காலியை நகர்த்துங்கள்.

● இரண்டு ஓரமும் மேலே, நடு கீழே: சிரிக்கும் வாய்போல வளைந்த இந்த ஈக்வலைசர் அமைப்பைத்தான் பலர் வைத்துக்கொள்கிறார்கள். முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாக இருக்கும். ஆனால் பாட்டின் உயிரே நடுவில்தான் இருக்கிறது. பாடகரின் குரல், வயலின், வீணை, நாதஸ்வரம் எல்லாம் அங்கேதான். பழைய டெலிஃபோன் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அனுப்பியது. ஆனாலும் பேசியவர் யாரென்று குரலை வைத்தே சொல்லிவிட முடிந்தது. காதுக் குழாயின் நீளம் காரணமாக 3,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் நம் செவிக்குக் கூர்மை அதிகம். அந்த நடுவைப் பள்ளமாக்கிவிட்டு ‘வரிகள் புரியவில்லை’ என்று வருந்துகிறோம்.

● ‘ராக்’, ‘பாப்’, ‘கிளாஸிக்கல்’ என்று முன்கூட்டியே அமைத்துத் தரும் ப்ரீசெட்களுக்கு உங்கள் ஸ்பீக்கரைப் பற்றி எதுவுமே தெரியாது. பாட்டு ராக் என்றால், அதற்கு வேண்டிய பாஸை ஒலிப்பதிவுப் பொறியாளர் ஸ்டுடியோவிலேயே வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். ஐடியூன்ஸில் இருந்த ‘ஸ்மால் ஸ்பீக்கர்ஸ்’ என்ற ப்ரீசெட் எனக்குப் பிடிக்கும். அது பாட்டின் வகையைக் கேட்கவில்லை, ஸ்பீக்கரின் அளவைக் கேட்டது.

● பிளேயரில் ஓர் ஈக்வலைசர், சவுண்டு கார்டு டிரைவரோடு வந்த மென்பொருளில் ஒன்று, ஸ்பீக்கர் பெட்டியில் பாஸ் குமிழ். மூன்றிலும் ஒரே இடத்தில் ஆறாறு டெசிபல் ஏற்றியிருந்தால் மொத்தம் 18. திறன் கணக்கில் 60 மடங்குக்கும் மேல்! ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடுங்கள்.

● விண்டோஸில் இருக்கும் ‘லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்’ வேறு வகை. அது பாஸையோ ட்ரெபிளையோ தொடாது. மெல்லிய வசனத்தைத் தூக்கி, வெடிச் சத்தத்தை அமுக்கும். குழந்தை தூங்கும் நேரத்தில் படம் பார்க்க அருமையான வசதி. பாட்டுக்கு வேண்டாம், ஏற்ற இறக்கம் போய்விடும்.

● கல்யாண மண்டபத்தில் மைக் ‘ஊய்ங்’ என்று கூவும்போது மைக் செட்காரரின் விரலைக் கவனியுங்கள். அவருடைய ஈக்வலைசரில் 31 ஸ்லைடர்கள் இருக்கலாம். கூவும் ஒலி எதுவென்று காதாலேயே கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் கீழே இழுப்பார். எதையும் ஏற்ற மாட்டார். வீட்டு மேசைக்கும் இதே வழிதான். பாஸ் போதவில்லை என்றால், பாஸை ஏற்றாமல் மற்றவற்றை 3 டெசிபல் இறக்கிவிட்டு வால்யூமைக் கூட்டுங்கள். அதே சமநிலை கிடைக்கும், கூரையில் இடிக்காது.

● எந்த அதிர்வெண், எவ்வளவு, எவ்வளவு அகலத்தில் என்று மூன்றையும் நாமே முடிவு செய்யும் ‘பாராமெட்ரிக்’ ஈக்வலைசரைப் பற்றி அமெரிக்க ஒலிப்பொறியாளர் ஜார்ஜ் மாஸன்பர்க் 1972-ல் கட்டுரை எழுதினார். அன்று ஸ்டுடியோக்களுக்கு மட்டும் எட்டிய அந்த வசதி, ‘ஈக்வலைசர் ஏ.பி.ஓ.’ என்ற மென்பொருள் மூலம் இன்று விண்டோஸ் கம்ப்யூட்டரில் இலவசமாகவே கிடைக்கிறது. 40-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டுக் கேளுங்கள். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று வீங்கும், பேனா ஸ்டாண்டு கிடுகிடுக்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் குறுகலாக 4, 5 டெசிபல் வெட்டுங்கள். கடம் எது, மிருதங்கம் எது என்று பிரிந்து கேட்கத் தொடங்கும்.

● கொஞ்சம் உரத்து ஒலிப்பதே நல்ல ஒலி என்று காது நம்பிவிடும். ஈக்வலைசரை ஆன், ஆஃப் செய்து ஒப்பிடும்போது இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை.

● வலது ஓரத்து 16,000 ஹெர்ட்ஸ் ஸ்லைடரால் யாருக்குப் பயன்? 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 கோப்பில் ஏறத்தாழ 16,000-க்கு மேல் உள்ளதை வெட்டிவிடுவதே வழக்கம். எஃப்.எம். வானொலி 15,000-உடன் நின்றுவிடும். வயது ஏற ஏற நம் காதும் அங்கிருந்துதான் முதலில் விடைபெறுகிறது. 1940-களின் இசைத்தட்டுப் பாடல்களில் உச்சப் பகுதியில் இருப்பது பெரும்பாலும் ஊசி உரசும் இரைச்சல். அங்கே ட்ரெபிளை ஏற்றினால் தியாகராஜ பாகவதரின் குரல் தெளிவடையாது, இரைச்சல்தான் தெளிவடையும். வலது ஓரத்தின் இரண்டு மூன்று ஸ்லைடர்களை இறக்கிவிட்டு, 2,000-லிருந்து 3,000 வரை இரண்டு டெசிபல் மட்டும் தூக்கிக் கேளுங்கள்.