இழுக்கும் கார், தள்ளும் பாரம்

மாஸ்டா சிஎக்ஸ்-5 என்ற சிறிய எஸ்யூவி ஆஸ்திரேலியாவில் 1,800 கிலோ டிரெய்லரை இழுக்கும். 2.5 லிட்டர் பெட்ரோல் வண்டியின் கையேடு அப்படித்தான் சொல்கிறது. அதே கார் அமெரிக்காவில் 2,000 பவுண்டுதான் இழுக்கலாம். அதாவது 900 கிலோவுக்குச் சற்று மேல். எஞ்சினும் அதே, உடம்பும் அதே. கடல் தாண்டியதும் பலம் பாதியாகிவிட்டது.

காரணம் சாலையில் இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி, 12 சதவீத ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை நின்று கிளம்ப வேண்டும். அதில் தேறினால் இழுவை எண் கிடைக்கும். ஆனால் அந்த வண்டி சாலையில் நிதானமாகத்தான் போகப்போகிறது. ஜெர்மனியில் டிரெய்லர் கட்டிய கார் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. தனி அனுமதி வாங்கினால் 100. பிரிட்டனின் விரைவுச்சாலையில் 60 மைல். அமெரிக்கக் கணக்கு வேறு. அங்கே பல மாநிலங்களில் டிரெய்லரோடு எல்லோருக்கும் இணையாக ஓட்டுகிறார்கள். அந்த வேகத்தில் டிரெய்லர் ஆடாமலிருக்க, அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கார் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்கிறார்கள். எஸ்ஏஇ ஜே2807 என்ற அவர்களுடைய சோதனை முறையில், அரிசோனாவின் டேவிஸ் டாம் மலைச்சாலையில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஏறிக் காட்ட வேண்டிய ஏற்றமும் உண்டு.

ஆஸ்திரேலியா நடுவில் மாட்டிக்கொண்ட நாடு. கையேட்டு எண் ஐரோப்பாவை ஒட்டியது, சாலையின் நீளமும் வேகமும் அமெரிக்காவை ஒட்டியவை. நியூ சவுத் வேல்ஸில் காரும் டிரெய்லரும் சேர்ந்த எடை வரம்பு நாலரை டன்னைத் தாண்டினால்தான் 100 கிலோமீட்டர் கட்டுப்பாடு. ஆக, சின்ன எஸ்யூவியும் சின்ன டிரெய்லரும் 110 பலகை நட்ட சாலையில் 110லேயே போகலாம். சட்டம் தடுக்காது. எனக்கு அது சம்மதமில்லை, 90 போதும்.

நியூ சவுத் வேல்ஸில் சாதாரணக் கார் உரிமம் இருந்தாலே டிரெய்லர் கட்டலாம், தனிப் பரீட்சை கிடையாது. பழகுநர்களுக்கு அனுமதியில்லை, புதிதாக உரிமம் வாங்கிய சிவப்பு பி பலகைக்காரர்கள் வெற்று எடை 250 கிலோவுக்கு மேற்பட்டதை இழுக்கக் கூடாது. அவ்வளவுதான் தடை. பிரிட்டனும் 2021 டிசம்பரில் தனிப் பரீட்சையை எடுத்துவிட்டது.

சிட்னியின் மேற்கே டூங்காபி, வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். கொல்லையில் கறிவேப்பிலையும் முருங்கையும் வைக்க மண் வேண்டும், வேலி மாற்றினால் பழைய பலகையைக் குப்பைக் கிடங்கில் சேர்க்க வேண்டும். அதற்கென்று இருப்பது ஆறடிக்கு நாலடிப் பெட்டி டிரெய்லர். சொந்தமாக இல்லாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுப்பார். பார்க்கச் சாதுவான இந்தப் பெட்டிதான், என் கணக்கில், பெரிய கேரவனைவிட ஆபத்தானது. கேரவன்காரர் எடையைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார். பெட்டி டிரெய்லரை எடுப்பவர் கொக்கியை மாட்டினோமா, போனோமா என்றிருப்பார்.

அந்தப் பெட்டியின் கணக்கைப் பார்ப்போம். ஆஸ்திரேலிய விதிப்படி, பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஓர் அச்சிலாவது பிரேக் வேண்டும். அதையும் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும். பெட்டி டிரெய்லர்களில் பெரும்பாலானவை பிரேக் இல்லாதவை. வெற்று எடை 200 கிலோ என்று வைத்தால் ஏற்றக் கிடைப்பது 550. பக்கப் பலகை ஓர் அடி உயரம். விளிம்பு வரை மணல் நிரப்பினால் ஒரு டன்னைத் தாண்டும். பாதி நிரப்பினாலே வரம்பு முடிந்தது. மண் விற்கும் யார்டில் லோடர்காரர் கேட்பது "அரை கன மீட்டரா, ஒன்றா?" என்றுதான். அரை என்பது காய்ந்த மணலில் சுமார் 800 கிலோ. மழை பெய்த மறுநாளென்றால் இன்னும் கூடும். டிரெய்லரின் வில்பட்டை தட்டையாகி, காரின் மூக்கு வானத்தைப் பார்த்தபடி சனிக்கிழமைதோறும் எத்தனை வண்டிகள் போகின்றன!

டிரெய்லருக்கு ஒரு வரம்பு இருப்பதுபோலக் காருக்கும் ஒன்று உண்டு. இரண்டில் குறைந்ததுதான் செல்லும். 2019இல் வந்த தலைமுறை டொயோட்டா ரேவ்4 ஹைபிரிடில் நாலு சக்கர இழுவை மாடலுக்கு 1,500 கிலோ, இரண்டு சக்கர இழுவைக்கு 480. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது. 480இல் டிரெய்லரின் 200 போனால் மிச்சம் 280. அதே பெட்டியில் மணலைப் பரப்பினால் நான்கு விரற்கடை உயரம் வரும். இரண்டு சக்கர ஹைபிரிடு வைத்திருப்பவருக்கு மணல் அடிக்கும் யோகம் இல்லை. இலைதழை கொண்டுபோய்க் கொட்டலாம்.

எடையை ஒழுங்காக ஏற்றினாலும் எங்கே வைக்கிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தில் நுகம் அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகம் தூக்கிக் கழுத்துக் கயிறு இறுக்கும். டிரெய்லரிலும் அதே முன்பாரம், பின்பாரம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்த வேண்டும் என்பது ஆஸ்திரேலியப் பழக்கம். பின்பாரம் ஏறினால் காரின் பின்சக்கரம் லேசாகும். ஒரு லாரி கடந்துபோகும் காற்று போதும், டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அந்த ஆட்டம் தானாக அடங்கும். மேலே போனால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையே புரட்டும். பாரம் பின்னால் போகப் போக அந்த வேகம் கீழே இறங்கி வரும்.

ஆட ஆரம்பித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுவதுதான் வழி. வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நேராக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிட்னியிலிருந்து தெற்கே வல்லங்காங் போகும் எம்1 சாலை மவுண்ட் ஔஸ்லியில் கடலை நோக்கி இறங்குகிறது. செங்குத்தான, நீண்ட இறக்கம். பிரேக் இல்லாத 700 கிலோ பின்னாலிருந்து தள்ளும்போது காரின் நாலு பிரேக்கும் இரண்டு பேர் வேலையைச் செய்ய வேண்டும். 80இல் போவதைவிட 100இல் போகும்போது நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். ஹைபிரிடில் மோட்டார் இறக்கத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்து வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சின்னப் பேட்டரி நிறைந்துவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும்.

குடும்பத்தோடு போகிறவர்கள் மறக்கிற கணக்கு ஒன்று: கொக்கியில் அழுத்தும் எடையும் காருக்குள் இருக்கும் சுமையோடுதான் சேரும். பெரியவர்கள் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், கொக்கியில் 75 கிலோ என்றால் பல சிறிய எஸ்யூவிகள் அங்கேயே வரம்பைத் தொட்டுவிடும்.

மற்றவை சுருக்கமாக. பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். கொக்கி கழன்றால் டிரெய்லரின் மூக்கைத் தரையில் குத்தவிடாமல் தாங்குவது அதுதான். ஆண்டெல்லாம் கொல்லையில் கிடக்கும் டயர், தேயாமலே வெடிப்பு விடும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை போகும் பக்கம் டிரெய்லரின் பின்புறம் போகும். சின்ன டிரெய்லர்தான் சீக்கிரம் மடங்கும், கண்ணாடியிலும் தெரியாது. மனைவியோ மகனோ கீழே நின்று கை காட்டினால் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அடுத்த தடவை யார்டுக்குப் போகுமுன் டிரெய்லரின் முன்கம்பியில் அடித்திருக்கும் தகட்டையும் காரின் கையேட்டையும் ஐந்து நிமிடம் பாருங்கள். கணக்கு இடித்தால் லோடர்காரரிடம் கால் கன மீட்டர் மட்டும் போடச் சொல்லுங்கள். மண்ணை இரண்டு நடையாக அடியுங்கள்.