கழுத்துச் சுளுக்கு என்று எண்ணுமுன்

ஞாயிறு மாலை பசறைத் தோட்டமொன்றிற் பந்தாடிய இளைஞன் விழுந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். "சுளுக்குத்தான், எண்ணெய் தடவி இழுத்துவிட்டாற் சரியாகும்" என்பர் சூழ நிற்போர். பெரும்பாலும் அது சுளுக்கே. ஆயினும், கழுத்தின் ஏழு என்புகளினூடே கைகால்களை இயக்கும் முண்ணாண் செல்கின்றது. என்பு முறிந்தவனும் எழுந்து நடக்கக்கூடும்.

இத்தகைய காயத்தை மருத்துவர் எவ்வாறு மதிப்பிடுகின்றார்? கனடாவில் 8,924 பேரை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டு வெளியிட்ட விதியொன்று உண்டு. நினைவு தெளிவாயுள்ள இளைஞனிடம் முதலிற் கேட்பவை இரண்டு: எப்படி விழுந்தாய்? கைகால்கள் விறைக்கின்றனவா? மூன்றடி உயரத்திலிருந்து விழுந்திருந்தாலும், ஓயாவிலே தலைகீழாய்ப் பாய்ந்து உச்சி பாறையில் மோதியிருந்தாலும், விறைப்பு இருந்தாலும் எக்ஸ்-கதிர்ப் படம் பிடித்தே ஆகவேண்டும்.

இவை யாதும் இல்லையெனின், அவன் நடந்தான் என்பதும், நோவு சற்றுப் பிந்தியே தொடங்கிற்று என்பதும் அப்பொழுதுதான் கணக்கில் வரும். அவையும் கழுத்தைத் திருப்பிப் பார்க்க இசைவு தருவன மாத்திரமே. இருபுறமும் 45 பாகை திருப்ப முடிந்தாற் படம் வேண்டியதில்லை. திருப்ப வேண்டியவன் அவனே. பிறர் பிடித்துத் திருப்பலாகாது. சுளுக்கெடுப்போர் இதனைப் பொறுத்தருள்வாராக!

ஐயமிருப்பின், வளைந்த மலைப்பாதையிலே முச்சக்கரவண்டியில் இருத்திப் பதுளைக்குக் கொண்டுசெல்ல வேண்டா. 1990 என்ற எண்ணுக்கு அழைத்து, நோயாளர் காவு வண்டி வரும்வரை தலையை இரு கைகளாலும் அசையாது தாங்கியிருங்கள்.