உங்களுக்குத் தெரியுமா? பளபளக்கும் கைப்பிடிக்குள் இருப்பது துத்தநாகம்!

கடையில் தங்கமாகவும் வெள்ளியாகவும் மின்னும் அலமாரிக் கைப்பிடிகள் பலவும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே முலாம் பூசியவை. முலாமின் தடிமன் மைக்ரான் கணக்கில்தான். ஈரக்கையும் உப்பும் புளியும் தினமும் படும் சமையலறையில், அதில் ஊசிமுனைத் துளை விழுந்தாலே ஈரம் உள்ளே இறங்கும்; துத்தநாகம் அரிபட்டு மேல்பூச்சு கொப்புளமாக எழும்பும். தேய்த்தால் இன்னும் உரியும். முழுப் பித்தளை கறுக்கும்தான், ஆனால் புளி போட்டுத் தேய்த்தால் மீண்டும் பளிச்சிடும். அடிவரை ஒரே உலோகமல்லவா! 304 ரக எவர்சில்வரில் உள்ள சுமார் 18% குரோமியம், கீறல் விழுந்த இடத்திலும் தானாகவே காப்புப் படலம் உண்டாக்கிக்கொள்ளும். கடலோர வீடுகளுக்கு மாலிப்டினம் கலந்த 316 இன்னும் நல்லது.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்பார்கள். துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாதே! முலாம் சரியாக எட்டாத ஸ்க்ரூ துளைக்குள் பாருங்கள்: மஞ்சள் தெரிந்தால் பித்தளை, மங்கிய சாம்பல் என்றால் பெரும்பாலும் துத்தநாகம். பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் விலை அதிகமாயிற்றே என்பது நியாயமான கேள்வி. துணி அலமாரிக்கு முலாம் போதும். பாத்திரத் தொட்டியடிக் கதவுகளுக்கு மட்டும் செலவழியுங்கள். எதுவானாலும் துளை இடைவெளி 96 அல்லது 128 மில்லிமீட்டராக இருக்கட்டும். இவை வழக்கமான அளவுகள் என்பதால், மாற்றும்போது கதவை மறுபடி துளைக்க வேண்டியிராது.