பங்காளிக்குத்தான் பாட்டு: கண்டி மைதானக் கூச்சலின் கதை

போன வீடியோவுக்குக் கீழ ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கு. "அண்ணே, இங்கிலாந்துல ஃபுட்போல் மெட்ச் நடந்தா ஸ்டேடியமே சேர்ந்து பாடுதே, நம்ம ஊர்ல மட்டும் ஏன் அப்படி இல்ல?" கேட்டது கம்பளைத் தம்பி ஒருத்தர். அதுக்குக் கீழ கட்டுகஸ்தோட்டைக்காரர் ஒருத்தர், "இல்லன்னு யார் சொன்னது, ஒருநாள் எங்க மெட்ச்சுக்கு வந்து பாரு"ன்னு போட்டார். அவருக்குக் கீழ இன்னொருத்தர், "உங்க ஸ்கூல் மெட்ச்சுக்கா, அங்க யார் வருவா?"ன்னு போட்டார். முடிஞ்சுது. ராத்திரி வரைக்கும் சண்டை. பழைய கேப்டன் பேரு, தோத்த வருஷம், எல்லாம் வெளிய வந்துருச்சு.

தம்பி கேட்ட கேள்விக்கு அந்தச் சண்டைதான் பாதிப் பதில். மீதிய நான் சொல்றேன்.

கண்டின்னு வந்தா நான் றகரப் பத்தித்தான், அதாவது றக்பியப் பத்தித்தான் பேசுவேன். ஃபுட்போல் கேட்டா றகர் சொல்றானேன்னு கோவிக்காதீங்க, ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. 1863ல லண்டன்ல ஃபுட்போல் சங்கம் ஆரம்பிச்சப்ப, பந்தக் கையில தூக்கிட்டு ஓடலாமா, எதிராளியோட காலுல உதைக்கலாமான்னு பெரிய வாக்குவாதம். உதைக்கிறது தப்பில்லன்னு சொன்ன கூட்டம் வெளிய போச்சு. 1871ல றக்பி யூனியன் வந்துச்சு. அதாவது பங்காளிச் சண்டை. இந்த வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க, இன்னைக்குப் பூரா இதத்தான் சொல்லப்போறேன். மத்தபடி றகர்னா என்ன, எப்படி ஆடுறதுன்னு கண்டிக்காரங்களுக்கு நான் விளக்க ஆரம்பிச்சா அடி விழும். அத விட்டுருவோம்.

1891க்குப் போவோம். லூயிஸ் எட்மண்ட் பிளேஸ்னு ஒரு பறங்கியர். படிச்சது கண்டி ட்ரினிட்டி கல்லூரியில. அவர் கண்டில தனியா ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கிறார், அதுதான் இன்னைக்கு கிங்ஸ்வூட். அங்க இருந்த பொடியன்களுக்கு றகர் சொல்லிக் குடுக்குறார். அதுக்கு முந்தி அது துரைமாரோட ஆட்டம், கொழும்புக் கிளப்காரங்களோட ஆட்டம். 1879லேயே கொழும்புல மெட்ச் நடந்திருக்கு. இலங்கையில ஸ்கூலுக்குள்ள றகர் நுழைஞ்சது கண்டியில, இந்த வாசல் வழியாத்தான்.

ஆனா ஒரு சிக்கல். பொடியன்களுக்கு ஆட்டம் வந்துருச்சு, எதிர்ல நிக்க ஆள் இல்ல. இன்னொரு ஸ்கூலோட மோத 1906 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. யாரோட மோதுனாங்க தெரியுமா? ட்ரினிட்டியோட. போகம்பறை மைதானத்துல. ஆறுக்கு ஆறு, ட்ரோ. இந்த நாட்டுல ரெண்டு ஸ்கூல் மோதுன முதல் றகர் மெட்ச் அதுதான். ஒரு ட்ரினிட்டி பழைய மாணவன் உருவாக்கின ஸ்கூல், ட்ரினிட்டிக்கு எதிரா. இத விடப் பச்சையா ஒரு பங்காளிச் சண்டைய நான் எங்கயும் பார்க்கல.

போகம்பறைன்னு சொன்னதும் ஒன்னு ஞாபகம் வருது, சொல்லிடுறேன். மைதானத்துக்குப் பக்கத்துல சிறைச்சாலை. 1876ல கட்டினது, 2014 தொடக்கத்துல மூடினாங்க. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க எத்தன மெட்ச்ச காதாலேயே பார்த்திருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க! ஸ்கோர் தெரியாது, ஜெர்சி நிறம் தெரியாது. எந்தப் பக்கம் கத்துறாங்க, எந்தப் பக்கம் அடங்கிப்போச்சு, அது மட்டும்தான். அப்புறம் சிறைச்சாலைய பல்லேகலப் பக்கம் கொண்டு போனாங்க. ட்ரினிட்டியோட றகர் ஸ்டேடியமும் பல்லேகலயிலதான் இருக்கு. கைதிங்களுக்கு எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்க வழியில்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எதிரின்னா யாரு? தூரத்துல இருக்கிறவன் எதிரி ஆக மாட்டான். நம்மள மாதிரியே இருக்கிறவன்தான் எதிரி. தர்மராஜவையும் கிங்ஸ்வூட்டையும் எடுத்துக்கோங்க. தர்மராஜ 1887ல பௌத்தப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது, கிங்ஸ்வூட் மெதடிஸ்ட் மிஷன் பக்கம் போனது. 1893ல இருந்து கிரிக்கெட் பிக் மெட்ச். ரெண்டு ஸ்கூலுக்கும் நிறம் மெரூன்! கொடி தூக்கிட்டு ஓடுறவன் எந்தப் பக்கத்து ஆளுன்னு தூரத்துல இருந்து பார்த்தா உங்களால சொல்லவே முடியாது. அதனாலதான் கத்தணும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதப்ப காதுக்காவது தெரியட்டும்னு. இது என்னோட கட்சி, யாரும் ஒத்துக்கணும்னு இல்ல.

லிவர்பூல் கதை தெரியும்ல? அன்ஃபீல்ட் மைதானத்துல முதல்ல ஆடினது எவர்டன். நிலத்துச் சொந்தக்காரர் ஜோன் ஹோல்டிங்கோட வாடகைத் தகராறு. 1892ல எவர்டன் மூட்டையக் கட்டிட்டு வேற மைதானத்துக்குப் போயிருச்சு. காலி மைதானத்த வச்சுக்கிட்டு என்ன செய்றது? ஹோல்டிங் புதுசா ஒரு டீம உருவாக்கினார், அதுதான் லிவர்பூல். வாடகைக்கு வந்த சண்டை, நூத்திமுப்பது வருஷமா பாடிக்கிட்டு இருக்காங்க. கண்டியில வாடகைத் தகராறு இல்லாத தெருவே கிடையாது, நமக்கு இத்தன டீம் ஏன் வரலன்னுதான் எனக்கு ஆச்சரியம்.

கல்கத்தாவையும் சொல்லிட்டுப் போறேன். 1920ல, தங்க கிளப் டீம்ல கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர விட்டுட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டு வெளிய போனவங்க ஆரம்பிச்சதுதான் ஈஸ்ட் பெங்கால். அன்னைக்கு எதிர்ல நின்ன டீம் மோகன் பகான். அந்தக் கோவம் இன்னைக்கும் மீன் கடை வரைக்கும் வரும். ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயிச்சா இறால். ரெண்டு கூட்டமும் வங்காளிங்க, ரெண்டு கூட்டமும் சோறும் மீனும் சாப்பிடுறவங்க. எந்த மீன்ங்கறதுலதான் சண்டை. நான் சொன்னேன்ல, பங்காளி!

இப்ப பிரட்பி. ட்ரினிட்டியும் கொழும்பு றோயலும். 1945ல, அப்ப றோயல் அதிபரா இருந்த பிரட்பி குடுத்த கேடயம். ஒரு மெட்ச் இல்ல, ரெண்டு. ஒன்னு கண்டியில, ஒன்னு கொழும்புல. ரெண்டுலயும் எடுத்த புள்ளியக் கூட்டித்தான் கேடயம் யாருக்குன்னு முடிவு. இதுல என்ன விசேஷம்னா, ரெண்டாவது மெட்ச்சுல தோத்துக்கிட்டு இருக்கிறவன் கேடயத்த ஜெயிச்சுக்கிட்டு இருக்கலாம். கூட்டத்துல பாதிப் பேர் கத்திக்கிட்டு இருப்பாங்க, மீதிப் பேர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பாங்க. கணக்குல வீக்கா இருந்த ஓல்ட் போய்ஸ்தான் எப்பவும் ரொம்ப சத்தமா கத்துவாங்க. அந்த வார இறுதில கண்டிக்கு வேற வேலையா வந்தீங்கன்னா, ரூம் கேட்டு அலையாதீங்க, மாத்தளைப் பக்கம் போயிருங்க.

"இது கொழும்பு - கண்டி சண்டையாச்சே, பங்காளிக் கதை இங்க எடுபடாதே"ன்னு ஒருத்தர் போன தடவை மடக்கினார். எடுபடும். ரெண்டும் வெள்ளைக்காரன் காலத்து ஸ்கூல், ரெண்டும் இங்கிலாந்து பப்ளிக் ஸ்கூலப் பார்த்து வளர்ந்தது. ஒரே தாத்தாவோட சொத்துக்கு ரெண்டு பேர் நிக்கிறாங்க, அவ்வளவுதான்.

இப்ப தம்பியோட கேள்வி. ஏன் நம்ம ஊர்ல முழுப் பாட்டா பாடுறது குறைவு?

என் பதில்: பப்பரே, அதாவது மைதானத்து பேண்ட். ட்ரம்பெட்டும் ட்ரம்மும் அங்க இருக்கிறப்ப உங்க தொண்டைக்கு என்ன வேலை? இங்கிலாந்து ரசிகனுக்குக் கையில ஒன்னும் இல்ல, குரல் மட்டும்தான். அதனால சொல்லு வேணும், வரி வேணும், ராகம் வேணும். 1960கள்ல அன்ஃபீல்ட்ல மெட்ச்சுக்கு முந்தி ஒலிபெருக்கியில அந்த வாரத்து ஹிட் பாட்டுங்களப் போடுவாங்க, கூட்டம் சேர்ந்து பாடும். 1963ல ஜெரி அன்ட் த பேஸ்மேக்கர்ஸ் பாடின 'யூ வில் நெவர் வோக் அலோன்' அப்படித்தான் ஒட்டிக்கிச்சு. அது மூலத்துல 1945ல வந்த ஒரு அமெரிக்க இசை நாடகத்துப் பாட்டு. பிரட்பிக் கேடயமும் அதே வருஷம்தான், ஆனா அது சும்மா ஒரு தற்செயல், நான் அதுல ஒன்னும் கட்டி எழுப்பப்போறதில்ல.

நம்ம பக்கம் ராகத்த ட்ரம்பெட் எடுத்துக்கிச்சு. மிச்சம் நமக்கு ஸ்கூல் பேரும், ஹூ சத்தமும், இடையில செருகுற நக்கலும்தான். பப்பரேயோட தாளம் பைலாத் தாளம். போர்த்துக்கீசர் காலத்துல வந்தது, அவங்க கொண்டு வந்த ஆப்பிரிக்கர்களோட பாட்டும் கலந்தது. புத்தளம் பக்கம் சிரம்பியடியில அந்த வம்சத்து ஆளுங்க இன்னும் பாடுறாங்க. 1940கள்ல வொலி பஸ்டியன்ஸ், அவர் ஒரு பொலிஸ்காரர், அத சிங்களப் பாட்டா ஊர் பூரா பரப்பினார். அதுல ஒரு வகை வாத பைலா. ரெண்டு பேர் மேடையில நின்னு, அந்த இடத்துலயே பாட்டுக் கட்டி, ஒருத்தர ஒருத்தர் மடக்கணும். நம்ம தோட்டங்கள்ல பெரியவங்க எசப்பாட்டுன்னு பாடுறது இதேதான்! அவன் ஒரு வரியில குத்துவான், இவ அதே மெட்டுல திருப்பிக் குடுப்பா. மைதானத்துக் கோஷம் எந்த ஊர்ல பிறந்தாலும் இப்படித்தான் பிறக்குது. அது பாட்டு இல்ல, பதில். எதிர்ல பதில் சொல்ல ஆள் வேணும். பங்காளி வேணும்.

தமிழ்ப் பிள்ளைங்களும் இந்த ஸ்கூல்ல எல்லாம் படிக்கிறாங்க, பப்பரேக்காரங்க தமிழ்ப் படப் பாட்டையும் விளாசுறாங்க, ஆனா கோஷத்துல தமிழ் வரி ஒன்னு கேக்கிறதே அபூர்வம். சிங்களமும் இங்கிலீஷும்தான். தப்பு அடிச்சு பிரட்டுக்கு, அதாவது காலையில வேலைக்குப் பேர் குடுக்கக் கூப்பிட்ட தோட்டத்துக்காரங்களோட பேரப்பிள்ளைங்களுக்குத் தாளம் வராதா? வரும். கூச்சப்படுறாங்க. அத விடுங்க, அது தனி வீடியோ.

இதுல கிரிக்கெட் வீரர் முரளியப் பத்திப் பேசாம போக முடியாது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிப் பிள்ளை. 1995 பொக்சிங் டே டெஸ்ட்ல நடுவர் டேரல் ஹெயார் நோ போல் குடுத்ததுக்கு அப்புறம், அவுஸ்திரேலியாவுல முரளி கையில பந்தத் தூக்கினாலே கூட்டம் "நோ போல்"னு கத்தும். 2004ல அவங்க நாட்டுப் பிரதமரே அவர் பந்து வீசுறத சந்தேகமாப் பேச, முரளி அந்த டூருக்கே போகல. அதையும் கோஷம்னுதான் சொல்றாங்க. எனக்கு அது வேற. திருப்பிப் பாடுறதுக்கு ஒரு பக்கமே இல்லாத இடத்துல, மைதானம் பூரா ஒரு மனுசனப் பார்த்துக் கத்துறது பங்காளிச் சண்டையில சேராது. இப்ப இதுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க: 2010 ஜூலை, காலி நகரத்து மைதானம், முரளியோட எண்ணூறாவது விக்கெட். அன்னைக்கு கேப்டன் யாரு? சங்கக்கார. ட்ரினிட்டி! அந்தோனியார் ஸ்கூல்காரர் சரித்திரம் படைக்கிறார், ட்ரினிட்டிக்காரர் ஃபீல்ட் வச்சுக் குடுக்குறார். அன்னைக்கு ராத்திரி கட்டுகஸ்தோட்டையில இதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாங்க.

ஐயோ, நேரத்தப் பார்த்தீங்களா. கேமராக்காரத் தம்பி பின்னால நின்னு பல்லக் கடிக்கிறான். "கோஷம் எங்கருந்து வருது, நாங்க ஒன்னு எப்படி உருவாக்குறது"ன்னு கேட்டவங்களுக்கு வேகமா சொல்றேன், நிப்பாட்டி நிப்பாட்டிக் கேளுங்க.

மெட்டு புதுசா கட்டாதீங்க, திருடுங்க. எல்லாரும் திருடினதுதான். போர்ட்ஸ்மவுத்காரங்க ஊர் மணிக்கூட்டோட மணிச்சத்தத்தத் திருடினாங்க. நோர்விச்காரங்களோட பாட்டு 1902ல அந்தக் கிளப் ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே ஊருக்குள்ள இருந்த பாட்டு. 2003ல பெல்ஜியத்து புரூக் ரசிகர்கள் மிலானுக்குப் போனப்ப 'செவன் நேஷன் ஆர்மி'ய வாயால முனக ஆரம்பிச்சாங்க, 2006 உலகக் கிண்ணத்துல இத்தாலி பூரா அதத்தான் பாடுச்சு. அவங்க முனகினதுல வரியே கிடையாது! கூட்டத்துல பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச மெட்டா இருக்கணும், அது மட்டும் போதும்.

அப்புறம் ஒருத்தன் கேக்கணும், கூட்டம் பதில் சொல்லணும். கேள்வி நீளமா இருக்கலாம், பதில் ரெண்டு மூனு அசைக்கு மேல போகக்கூடாது. வேகமாப் பாடாதீங்க, ஆயிரம் பேர் சேர்ந்தா தாளம் தானா இழுக்கும். ஆரம்பிக்கிறவன் கடைசி வரிசையில நிக்கட்டும், முன்னால நின்னா சத்தம் மைதானத்துக்குப் போகும், கூட்டத்துக்குப் போகாது. பப்பரே ஓயுற நேரம், லைன்-அவுட்டுக்கு முந்தி, காயத்துக்கு நிப்பாட்டுற நேரம், அதுதான் உங்க நேரம். அவன் உங்களத் திட்டினா அதே சொல்ல எடுத்து நீங்களே பெருமையாப் பாடிடுங்க, அவனுக்கு அதுக்கு மேல வரி வராது. சாதி, மதம், அம்மா, அக்கா, பார்வைக்கு எப்படி இருக்கான், இந்தப் பக்கமே போகாதீங்க. ஸ்கோர், பழைய தோல்வி, கோட்டை விட்ட பெனால்டி, இதுல எவ்வளவு வேணும்னாலும் குத்துங்க.

உங்க ஸ்கூல் கோஷத்த கமென்ட்ல எழுதுங்க. தமிழ்ல எழுதுறவங்களுக்குத்தான் முதல்ல பதில் போடுவேன். வர்றேன்.