ஃபெல்ற் தொப்பியின் மடலைக் கத்தரித்தல்

ஃபெல்ற் தொப்பிக்கு முக்கிய உறுப்புகள் இரண்டே. தலையை மூடும் கிண்ணம் ஒன்று. அக்கிண்ணத்தைச் சுற்றி வெளியே நீண்டு நிற்கும் மடல் மற்றொன்று. கிண்ணத்தின் அளவைத் தலை தீர்மானிக்கிறது. அதில் மனிதரின் விருப்பத்துக்கு இடம் குறைவு. மடலோ காலத்தின் போக்குக்கேற்ப அகன்றும் குறுகியும் வந்திருக்கிறது. 1865ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் தொழில் தொடங்கிய ஜோன் ஸ்ற்றெற்சன், அமெரிக்க மேற்குச் சமவெளி மக்களுக்கெனச் செய்த தொப்பியின் மடல் ஏறக்குறைய நான்கு அங்குல அகலம் உடையது; வெயிலையும் மழையையும் ஒருங்கே தடுக்கவல்லது. 1940களில் நகரத்துக் கனவான்களின் தொப்பியில் அது இரண்டரை அங்குலமளவில் நின்றது. 1960களின் தொடக்கத்தில் மேலும் சுருங்கிற்று. அக்காலக் குறுமடலுக்கு அமெரிக்கர் வைத்த பெயர், "கஞ்ச மடல்" என்று பொருள்படுவது.

இதனால், நைந்துபோகுமுன்பே வழக்கிழந்துபோன தொப்பிகள் பல. அந்நாளில் அமெரிக்க நகரங்களில் தொப்பியைத் துப்புரவு செய்து, மர அச்சிலேற்றி, மடலையும் திருத்திக் கொடுக்கும் கடைகள் இருந்தன. தொப்பி அணியும் வழக்கம் குன்றவே அக்கடைகளும் அருகின. ஆகவே, பெட்டியிலிருந்து தந்தையாரின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்க்கும் மகன், மடல் அரை அங்குலம் குறைந்தால் நன்றாயிருக்குமே என்று எண்ணும்போது, கத்தரிக்கோலைத் தானே எடுக்கவேண்டியவனாகிறான். வெட்டிய மடலை மீண்டும் ஒட்டுவதற்கு வழியில்லை. முயலின் உரோமத்தாற் செய்த நல்ல தொப்பியின் விலையும் சிறிதன்று. ஆதலின் இவ்வேலையின் முறையைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நன்று.

முதலில், ஃபெல்ற்றை ஏன் இவ்வாறு வெட்ட முடிகிறது என்பதை நோக்குவோம். நெய்த துணியிலே பாவும் ஊடையும் உண்டு. ஓரத்தை வெட்டினால் நூல் பிரிந்து சிலும்பும். ஃபெல்ற்றில் நெசவென்பதே இல்லை. ஆட்டுக் கம்பளியின் இழையிலும், முயல், பீவர் முதலிய பிராணிகளின் உரோமத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செதில்கள் அடுக்காக அமைந்துள்ளன. வெந்நீரும் வெப்பமும் பட, அழுத்திப் பிசையப் பிசைய, இழைகள் ஒன்றையொன்று பற்றிப் பின்னி, பின்னர் பிரிக்கவொண்ணாதபடி இறுகிவிடுகின்றன. அவ்வாறு இறுகிய பொருளை எத்திசையில் வெட்டினாலும் நூல் பிரிவதில்லை. உரோம ஃபெல்ற் அடர்த்தி மிக்கதாதலின் வெட்டும் கூர்மையாக விழும். ஆட்டுக் கம்பளி ஃபெல்ற் தடிப்பாகவும் தளர்வாகவும் இருப்பதால் வெட்டிய ஓரத்திற் சிறிது பஞ்சு எழும்புவதுண்டு.

கத்தரிக்கோலை எடுக்குமுன் தொப்பியின் வயதை விசாரிக்கவேண்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. முயலுரோமம் எளிதில் இறுகும் பொருட்டு அதனை இரசநைத்திரேற்றுக் கரைசலால் நனைப்பது நெடுங்காலமாய்த் தொப்பித் தொழிலில் இருந்துவந்த வழக்கம். உரோமத்தின் நுனி செம்மஞ்சளாக மாறியதால் அச்செயலுக்குக் கரட் கிழங்கின் பெயரையே தொழிலாளர் இட்டனர். அந்த இரசத்தின் ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கைகால் நடுங்கின, முரசு புண்ணாயிற்று, கூச்சமும் சினமும் மாறிமாறி வந்தன. தொப்பித் தொழிலுக்குப் பேர்பெற்ற கனெற்றிக்கற் மாநிலத்து டான்பரி நகரின் பெயராலேயே அந்நடுக்கம் அழைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் திகதியோடு இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அதற்கு முற்பட்ட உரோமத் தொப்பிகளில் இரசம் இன்னும் தங்கியிருக்கலாம் என்பதால் நூதனசாலைகளில் அவற்றைக் கையுறையின்றித் தொடுவதில்லை. அத்தகைய தொப்பிக்கு வீட்டில் நீராவி பிடிப்பதும், அதன் ஓரத்தைத் தேய்த்துத் தூளெழுப்புவதும் கூடாத செயல்கள். தந்தையாரின் தொப்பி அக்காலத்ததாயின், அல்லது அதன் காலம் நிச்சயமாகத் தெரியாவிடின், அதை அப்படியே வைத்திருப்பதே தகும்.

பிற்காலத்துத் தொப்பியாயின் வேலையைத் தொடங்கலாம். புதிதாய் முயல்வோர் பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. அரை அங்குலம் குறைக்கவேண்டுமென்றால், மடலின் வெளியோரத்திலிருந்து உள்ளே அரை அங்குலம் அளந்து கோடிடுகிறார்கள். பழகிய தொப்பியின் ஓரமோ ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் சுருங்கியும் இருக்கும். அந்தக் கோணலெல்லாம் புதிய கோட்டிலும் வந்துசேரும். அளவை எப்போதும் கிண்ணமும் மடலும் சேரும் மடிப்பிலிருந்தே எடுத்தல் வேண்டும். தொழில்முறைக் கருவியும் இவ்வுண்மையை ஒட்டியே அமைந்தது. "ரவுண்டிங் ஜாக்" எனப்படும் அக்கருவி, மரத்தாலோ பித்தளையாலோ ஆன வளைந்த துண்டொன்று. அதிலிருந்து ஒரு கை நீண்டு செல்லும். அக்கையில் வேண்டிய தூரத்தில் சிறு அலகைப் பொருத்தலாம். வளைந்த பக்கத்தைக் கிண்ணத்தின் அடியிற் சேர்த்தழுத்தி ஒருமுறை சுற்றிவந்தால், கிண்ணத்தின் நீள்வட்டத்தை ஒட்டி அலகும் வெட்டிக்கொண்டு வரும். தலை வட்டமன்று, நீள்வட்டம் என்பதைத் தொப்பிக்காரர் ஒருபோதும் மறப்பதில்லை.

அக்கருவிக்கு ஈடாக வீட்டில் ஒரு தடித்த மட்டைத் துண்டு போதும். அதன் ஒரு முனையைக் கிண்ணத்தின் வளைவுக்கு இசைய உட்குழிவாக நறுக்கி, அம்முனையிலிருந்து வேண்டிய அகலத்தில் பென்சில் முனை நுழையுமளவு துளையிடவேண்டும். முனையை மடிப்பிலே சேர்த்து, பென்சிலைத் துளையில் நிறுத்தி, மட்டையை மெல்ல நகர்த்திச் சுற்றினால் கோடு விழும். கறுப்புத் தொப்பிக்குத் தையற்காரரின் வெண்சோக்கு உதவும்.

கோடிடுவதற்கு முன் செய்யவேண்டியவை இரண்டு. மடல் சுருண்டிருந்தால் கேத்தலின் நீராவியைப் பிடித்து, ஈரத்துணியிட்டு மிதமான சூட்டில் அழுத்தித் தட்டையாக்கவேண்டும். தொப்பியினுள்ளே நெற்றியைச் சுற்றியிருக்கும் தோற்பட்டியில் நீராவி படலாகாது, பட்டால் தோல் சுருங்கித் தொப்பி தலைக்குச் சிறிதாகிவிடும். அடுத்தது, கிண்ணத்தைச் சுற்றியுள்ள நாடா. ஆண்களின் தொப்பியில் நாடாவின் முடிச்சு இடப்புறத்தில் இருப்பது வழக்கம். நாடாவை அகற்றாமல் மட்டையை நகர்த்தினால், முடிச்சின் தடிப்பு மட்டையை வெளியே தள்ளும். முடிச்சு அரைக்கால் அங்குலம் தடித்திருந்தால் கோடும் அவ்விடத்தில் அரைக்கால் அங்குலம் புடைக்கும். வலமும் இடமும் ஒவ்வாதபடி வெட்டிவிட்டுத் தன் கை கோணல் என்று நொந்துகொள்பவர், பெரும்பாலும் முடிச்சையே நோகவேண்டியவர்.

சுற்றிலும் ஒரே அகலமாக வெட்டுவதே அழகு என்று எண்ணுதலும் எல்லாத் தொப்பிக்கும் பொருந்தாது. தட்டையான மடலுக்கு அது சரியே. இருபுறமும் மேலே சுருட்டி அணியும் தொப்பியிலோ, சுருளிலேயே பக்கத்து அகலத்தில் ஒரு பங்கு மறைந்துபோகும். பார்ப்பவர் கண்ணுக்குப் பக்கங்கள் ஒடுங்கித் தோன்றும். அதனால் தொப்பிக்காரர் முன்னும் பின்னும் இருப்பதைவிடப் பக்கங்களிற் கால் அங்குலம்வரை கூடுதலாக விடுவதுண்டு. எவ்வளவு குறைப்பது என்பதை முடிவுசெய்யக் கைக்கண்ணாடி போதாது. மடலின் இருபுறத்திலும் கோட்டை வரைந்து, தொப்பியை அணிந்து, தோள்வரை தெரியும் கண்ணாடிமுன் சற்றுத் தள்ளி நின்று பார்த்தல் வேண்டும். தொப்பியைப் பிறர் காண்பது தோளோடு சேர்த்தே.

வெட்டும்போது முதலிற் கோட்டுக்கு வெளியே அரைக்கால் அங்குலம் விட்டு ஒரு சுற்று வெட்டி, மீண்டும் அணிந்து பார்ப்பது விவேகம். பல தொப்பிகளின் நிலை அந்தச் சுற்றோடேயே திருப்தியாகிவிடுகிறது. நீண்ட கூரிய கத்தரிக்கோலை அசையாமற் பிடித்து, இடக்கையாலே தொப்பியைத் திருப்பவேண்டும். அலகுகளை நுனிவரை மூடினால் ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு படி விழும். முக்காற்பங்கு மூடியதும் முன்னே நகரவேண்டும். கத்தியால் வெட்டுவோர் பலகைமேல் வைத்து, ஒரே வீச்சில் அறுக்க முயலாது, இரண்டு மூன்று முறை மெதுவாகக் கீறவேண்டும். கத்தி சாய்ந்தால் ஓரமும் சாய்வாக அமையும். பின்னர் தச்சர் மரத்தை மெருகிடும் மணற்கடதாசியில் நுண்ணியதைக் கொண்டு ஒரே திசையில் இலேசாகத் தேய்த்தால், சிறு மேடுபள்ளங்கள் மறையும்.

ஓரத்திலே நாடா தைத்த தொப்பியாயின், தையலைப் பிரித்து நாடாவைக் கழற்றிய பின்பே வெட்டவேண்டும். திரும்பத் தைக்கும்போது பழைய நாடா மீந்துபோவதைக் கண்டு திகைக்கவேண்டியதில்லை. சுற்றிலும் அரை அங்குலம் குறைத்தால் ஓரத்தின் சுற்றளவு மூன்றங்குலத்துக்குச் சற்று மேலாகக் குறையும். வட்டமாயினும் நீள்வட்டமாயினும் இக்கணக்கு ஒன்றே.

மடல் தொய்ந்திருந்தால் அதற்கு விறைப்பூட்ட, மதுசாரத்திற் கரைத்த அரக்கைத் தூரிகையால் உட்புறத்தில் மெல்லியதாகத் தடவலாம். தொப்பித் தொழிலாளர் நெடுங்காலமாகக் கையாண்டதும் அரக்கே. கறுப்பு ஃபெல்ற்றில் அது சிலவேளை வெளிறிய தடத்தை விட்டுவிடும். வெட்டியெடுத்த வளையத்தை இதற்காகவே பத்திரப்படுத்தவேண்டும். அரக்கையும் நீராவியின் சூட்டையும் முதலில் அந்த வளையத்திலே சோதித்து, ஓரிரவு உலரவிட்டு, காலையிற் பகல் வெளிச்சத்திற் பார்த்தபின் தொப்பியிற் கைவைக்கலாம்.