கண்ணாடிக் குழாயில் ஒரு குடியரசு

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வராத தமிழர் இரார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூரின் 30 குடும்புகளும் வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த முறையை விவரிக்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத ஒரு பாலகனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அந்தக் கல்வெட்டை வியந்து பார்த்துத் திரும்புகிறவர்களின் காலடியிலேயே மற்றொரு சபை ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஓலையும் இல்லை, குடமும் இல்லை. காரியம் மட்டும் குறைவின்றி நடக்கிறது. எறும்புக் கூட்டத்தைத்தான் சொல்கிறோம்.

இந்தச் சபையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். செலவு அற்பம்; பொறுமைதான் அதிகம் வேண்டும். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு இறகு முளைத்த எறும்புகள் பறந்து கூடுகின்றன. பிறகு பெண் எறும்பு தரையில் இறங்கி, தன் இறகுகளைத் தானே உதிர்த்துவிட்டுக் குடியிருக்க இடம் தேடி அலைகிறது. அதுவே வருங்கால ராணி. ஈசலை ராணி என்று எண்ணிவிடக் கூடாது. ஈசல் கறையானின் இனம். எறும்புக்கு இடை சிறுத்திருக்கும். உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். ஈசலுக்கு இவ்விரண்டும் இல்லை.

ஒரு சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றிப் பஞ்சால் அடைக்க வேண்டும். ராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடி, இருட்டான இடத்தில் வைத்துவிடலாம். கட்டெறும்பின் ராணியாயின் ஆகாரம் கொடுக்கவே வேண்டாம்! இனிப் பறக்கப் போவதில்லை அல்லவா? சிறகை அசைத்த தசைகள் உடலுக்குள்ளேயே கரைந்து, அவளுக்கும் முதற் குஞ்சுகளுக்கும் உணவாகின்றன. இந்த நாட்களில் குழந்தைகள் குழாயை அடிக்கடி எடுத்து ஆட்டினால், கலவரமுற்ற ராணி இட்ட முட்டைகளையே தின்றுவிடக்கூடும்.

சில வாரங்களில் முதல் வேலைக்காரிகள் உருவில் சிறியவர்களாய் வெளிப்படுகிறார்கள். அதன்பின் பெரியவர்களுக்குச் சர்க்கரை நீர், வளரும் புழுக்களுக்குப் பூச்சி இறைச்சி என்று இருவகை உணவு வேண்டும். மருந்தடித்த பூச்சி மட்டும் ஆகாது. இறைச்சி தாராளமானால் குடும்பமும் விரைவாகப் பெருகும். இளையவை உள்ளே குஞ்சுகளைப் பேணும். வயது முதிர்ந்தவை வெளியே இரை தேடும். ராணி என்பது நாம் சூட்டிய பட்டமே. அவள் ஆணையிடுவதில்லை, முட்டையிடுகிறாள். ஒன்றையொன்று கொம்பால் தொட்டு, வாசனையறிந்து, ஒவ்வொன்றும் தன் வேலையைக் கண்டுகொள்கிறது.

பெருகுவது ஆனந்தமே, வெளியேறுவதுதான் சங்கடம். பலகாரப் பாத்திரத்தை நீர்த் தட்டில் வைத்து எறும்பை அண்டவிடாமல் செய்வது நம் வீட்டுப் பழக்கம். இங்கே அதே அகழி, எறும்பை உள்ளேயே நிறுத்தி வைக்க உதவும்.

எல்லா இனமும் வீட்டுக்கு ஏற்றதல்ல. விரைவாகப் பெருக வேண்டுமென்ற ஆசைதான் ஆபத்தின் வாசல். மஞ்சள் பைத்திய எறும்பு என்று ஒன்று உண்டு. ஒரே கூட்டில் பல ராணிகள்; பக்கத்துக் கூட்டோடு சண்டையும் இல்லை. ஆகவே கூடுகள் ஒன்றாய் இணைந்து பெரும் படையாகிவிடும். திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-ஆம் ஆண்டு இப்படை பெருகியது. அது பீய்ச்சும் அமிலத்தால் ஆடுமாடுகள் துன்புற்றன. மேய்ப்பவர்கள் மலைக்குப் போகவே அஞ்சினார்கள். இதே எறும்பு, இந்துமகா சமுத்திரத்துக் கிறிஸ்துமஸ் தீவில் லட்சக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றிருக்கிறது. இன்று தமிழ்நாட்டிலும் காணப்படும் நெருப்பெறும்பு ஒன்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வணிகக் கப்பல்களில் ஏறி அது உலகைச் சுற்றத் தொடங்கியது என்று மரபணு ஆராய்ச்சி காட்டுகிறது.

அன்று தெரியாமல் ஏறிக்கொண்ட பிரயாணியை இன்று விலை பேசி ஏற்றுகிறார்கள். 2025-ஆம் ஆண்டு கென்யா நாட்டில், ஏறக்குறைய 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சடைத்த குழாய்களில் வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டார்கள். நீதிமன்றம் தலைக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தது. கட்டத் தவறினால் ஓராண்டுச் சிறை. நம் வீட்டில் குழந்தை வியந்து பார்க்கும் அதே குழாய்தான் அங்கே கள்ளச் சரக்கின் பெட்டியாயிற்று!

ஆகையால் நம் ஊர் எறும்பை, நம் முற்றத்திலேயே கண்டெடுத்து வளர்ப்பதே முறை. வளர்க்கத் தொடங்குமுன் காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஸர் ஜான் லப்பக் என்ற அறிஞர் 1874 முதல் வளர்த்த ஒரு ராணி 1888 வரை ஜீவித்திருந்தது. பள்ளிப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த விளையாட்டு, அவன் கல்லூரியை முடித்த பிறகும் தாயார் தலையில் விழக்கூடும். வைத்துக்கொள்ள இயலாவிடில், எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும், வேற்றூரில் விடலாகாது.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பதவிக்கு வரக் கூடாதென்று உத்திரமேரூர் சபையார் விதித்திருந்தார்கள். எறும்பு வளர்ப்பவருக்கும் அந்த விதி பொருந்தும். ராணி எங்கிருந்து வந்தாள், எங்கே போனாள் என்ற இரண்டு கேள்விகளுக்கு அவரிடம் விடை இருக்க வேண்டும்.