பயமறியாத பெண்ணைப் பயமுறுத்திய காற்று

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் ஒரு பெண் உண்டு. ஆய்வேடுகளில் அவருக்கு எஸ்.எம். என்ற இரண்டெழுத்துதான் பெயர். அரிய மரபணுக் கோளாறு ஒன்றால் அவருடைய மூளையின் இருபுறமும் அமிக்டலா சிதைந்துவிட்டது. பயத்தில் முக்கியப் பங்கு வகிக்கும் பகுதி அது. பாம்பு விற்கும் கடைக்கு அழைத்துப்போனால், பாம்பைக் கையில் வாங்கித் தடவிப்பார்ப்பார். பேய் வேடமிட்டவர்கள் பாய்ந்து வரும் இருட்டுக் கட்டடத்தில் எல்லோருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே நடப்பார்.

அப்படிப்பட்டவரை ஒரு மூச்சுக் காற்று பயமுறுத்தியது. 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை முகமூடி வழியாக ஒரே ஒரு முறை இழுக்கச் சொன்னார்கள். எஸ்.எம். கையை ஆட்டித் தவித்தார். முகமூடியைப் பிடுங்கப் பார்த்தார். இதே கோளாறுள்ள இரட்டைச் சகோதரிகளும் அப்படியே பதறினார்கள். ஒப்பீட்டுக்காக வந்திருந்த, மூளையில் பழுதில்லாத 12 பேரில் 3 பேர்தான் பதறினார்கள். 2013இல் வெளியான இந்த ஆய்வு, வெளியிலிருந்து வரும் பயமும் உடலுக்குள்ளிருந்து கிளம்பும் பீதியும் மூளையில் ஒரே வழியாக வருவதில்லை என்று காட்டியது.

இந்தப் பீதி திடீரெனத் தாக்கும் பேனிக் அட்டாக் வந்து துடிப்பவரிடம் “தைரியமா இரு” என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம். தைரியம் வேறு, இது வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட 300க்கும் மேற்பட்ட சிப்பாய்களை ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் பரிசோதித்தார். நெஞ்சு படபடக்கிறது, வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றார்கள். இதயத்திலோ சொல்லும்படியான பழுதில்லை. 1871இல் அவர் அதற்கு வைத்த பெயர் ‘எரிச்சலுற்ற இதயம்’. இன்று அந்தக் குறிப்புகளைப் படிக்கும் மனநல மருத்துவர்கள், அவர்களில் பலருக்குப் பேனிக் அட்டாக் இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

நம் ஊரில் இது பெரும்பாலும் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் முதலில் தலைகாட்டுகிறது. இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்து எழுபவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. இதோ உயிர் போகப்போகிறது என்றே தோன்றும். ஆட்டோ பிடித்து ஓடுகிறார்கள். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை. “எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போங்க.” அந்த நிம்மதி நான்கு நாள் தாங்கும். ஐந்தாம் நாள், ஈசிஜியில் சிக்காத ஏதோ ஒன்று இருக்குமோ என்ற சந்தேகம் வரும். பிறகு வேறு டாக்டர், வேறு லேப், மாஸ்டர் செக்கப்.

உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் ஒரு விளக்கம் தந்தார். மாடிப்படி ஏறியதாலோ இரண்டாவது காபியாலோ துடிப்பு சற்றுக் கூடுகிறது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. ஒருவர் மட்டும் ‘ஹார்ட் அட்டாக்’ என்று அதற்குப் பொருள் கொள்கிறார். அந்த நினைப்பே அட்ரினலினைச் சுரக்கவைக்கிறது. துடிப்பு இன்னும் கூடுகிறது. கூடிய துடிப்பு, நினைத்தது சரிதான் என்று சாட்சி சொல்கிறது.

மூச்சும் இதில் சேர்ந்துகொள்ளும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது. ரத்தத்தில் கட்டற்று இருக்கும் கால்சியம் குறைவதால் விரலும் உதடும் மரத்துப்போகின்றன. மூச்சு முட்டுவதாகத் தோன்றினாலும் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் விழுவதும் அபூர்வம். மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பீதியில் அது பொதுவாக ஏறத்தான் செய்கிறது.

சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே தணிவது பேனிக் அட்டாக்கின் இயல்பு. அது புரியாமல் போவதற்கு நாம் செய்யும் ‘பாதுகாப்பு’ வேலைகளே காரணம். சோடா குடித்தேன், உட்கார்ந்துவிட்டேன், தம்பியை ஃபோனில் கூப்பிட்டேன், அதனால்தான் பிழைத்தேன் என்று மனம் கணக்கெழுதிக்கொள்ளும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரும் கையிலிருக்கும் ஸ்மார்ட் வாட்சும் இந்தக் கணக்குக்குத் தோதாக அமைந்துவிட்டன. பத்து நிமிடத்துக்கொரு முறை நாடித்துடிப்பைப் பார்க்கிறவருக்கு, இயல்பான ஏற்ற இறக்கம்கூட ஆபத்தாகத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நெஞ்சுவலியைப் ‘பயம்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. ‘கேஸ்’ என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்து மாரடைப்பைக் கோட்டைவிட்ட வீடுகள் நம்மிடையே ஏராளம். முதன்முறை வரும்போதும், நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், உழைக்கும்போது வலித்தாலும் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, சிலவகை இதயத் துடிப்புக் கோளாறுகள் ஆகியவையும் இதே வேடத்தில் வரும். அவற்றை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துத் தீர்த்துவிட்டால் போதும். மாதாமாதம் பார்ப்பது வைத்தியம் ஆகாது.

வைத்தியத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எந்த அறிகுறிக்குப் பயந்தாரோ அதையே வேண்டுமென்றே வரவழைப்பது. சிகிச்சை அறையில் சுழல் நாற்காலியில் சுற்றவிடுவார்கள், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்வார்கள், நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார்கள். தலை சுற்றும், நெஞ்சு அடிக்கும், ஒன்றும் ஆகாது. பல முறை செய்யச் செய்ய, படபடப்பு வெறும் படபடப்பாகிவிடும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய யோசனையை இப்போது பரிந்துரைப்பதில்லை. உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ பழுதாக இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளும் பலன் தருபவை. ஆனால் சில வாரம் பொறுக்க வேண்டும். முதல் நாட்களில் பதற்றம் சற்றுக் கூடவும் கூடும். இதைச் சொல்லாமல் எழுதிக்கொடுத்தால், மூன்றாம் நாளே நோயாளி மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிடுவார். அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை உடனே கேட்கும். அதனாலேயே அதை விடுவது கடினம். நாள்பட எடுத்தவர்கள் சட்டென நிறுத்தினால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், வலிப்பும் வரலாம். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல அது.

யாரிடம் தொடங்குவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.